கை வேணும், வாய் வேணாம்

ஜைனபாவின் வயிற்றில் இருந்தது பிள்ளை இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தியிடம், தட்டைப்பயறு செரிக்கவில்லை என்றாள். இன்னொருத்தியிடம், தர்பூசணி விதையை விழுங்கிவிட்டேன் என்றாள். தலைநகரிலிருந்து வந்திருந்த கொழுந்தன், "அண்ணி, எத்தனை மாசம்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். "எல்லாம் உங்க அண்ணன் சமைச்ச வினை" என்று சொல்லிவிட்டு, வட்டிலில் அவன் பக்கம் இருந்த மீனை எடுத்துத் தின்றுகொண்டே போனாள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் முடியாது, அவள் கன்யலெங். பிறந்த பிள்ளை தங்காதவர்களும் பிள்ளையே உண்டாகாதவர்களும் சேர்ந்த கூட்டத்துக்கு ஆற்றோர ஊரான டாருகுண்டாவில் அதுதான் பேர். அதில் சேர்ந்துவிட்டால் வெட்கமும் இல்லை, மானமும் இல்லை. கழுத்தில் உடைந்த சுரைக்குடுக்கையைக் கோத்து மாட்டிக்கொண்டு, புருஷனின் கிழிந்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, எந்த வீட்டு அடுப்படியிலும் புகுந்து வழித்துத் தின்னலாம். சேரும் அன்றைக்கே ஒரு கேவலமான பேரும் வைத்துவிடுவார்கள். ஜைனபாவுக்கு வைத்த பேர் சட்டிசுரண்டி. சாவு தேடிக்கொண்டு வரும்போது, இப்படிப்பட்ட பொம்பளையிடம் எடுத்துப்போக என்ன இருக்கப்போகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட வேண்டும். சாவு கெட்டிக்காரன்தான், ஆனால் கொஞ்சம் அவசரக்காரன். நின்று விசாரிக்க மாட்டான் என்பது அந்தக் கூட்டத்தின் நம்பிக்கை.

அவள் மூன்றை மண்ணுக்குக் கொடுத்தவள். முதல் பிள்ளை காய்ச்சலில் போனது. இரண்டாவது வயிற்றிலேயே அடங்கிவிட்டது. மூன்றாவது முழுசாகப் பிறந்தது, கை கால் எல்லாம் இருந்தது, மூச்சு மட்டும் விடவில்லை. மூன்று முறையும் ஊர் கூடி நின்று, என்ன அழகான வயிறு, என்ன அழகான பிள்ளை என்று சொல்லியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் சட்டிசுரண்டி ஆனாள். ஊரில் அவளளவுக்குச் சிரிக்கவைப்பவள் கிடையாது. சிரிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் நிறுத்துவதில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தப் பிள்ளையை வீட்டில் பெறக் கூடாது. பிறந்ததும் மூச்சு வராவிட்டால், ரப்பர் பையை முகத்தில் வைத்து மூச்சு ஊதத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். டாருகுண்டா சுகாதார நிலையத்தின் மருத்துவச்சி மேல்படிப்புக்குப் போயிருந்தாள். பொறுப்பாளர் சைதிகான் சார் மாதத்தில் பாதி நாள் ஏதாவது கூட்டத்துக்காகப் படகேறிப் போய்விடுவார். மிச்சம் இருந்தது, மூன்று மாதத் தொண்டுக்கு அயர்லாந்திலிருந்து வந்திருந்த ஓர்லா.

ஓர்லா நாற்பதை எட்டிக்கொண்டிருந்த மருத்துவச்சி. கெட்டிக்காரக் கை. வந்த முதல் வாரமே, கால் முன்னால் வந்த ஒரு பிள்ளையை அலுங்காமல் எடுத்துக் கொடுத்தாள். ஊர்ப் பேச்சும் தத்தித் தத்திக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வாயைத் திறந்தால் புகழ்ச்சி. எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் அழகு, எந்த வயிற்றைத் தொட்டாலும் அற்புதம். ஆட்டுக்குட்டியைக்கூட விடுவதில்லை.

விஷயம் தெரியாமல் ஜைனபா அவள் முன்னால் போய்ப் படுத்தாள். ஓர்லா மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது.

"நல்ல குழந்தை! பலமான நெஞ்சு! ரொம்ப ரொம்ப அழகு!"

ஜைனபா கட்டிலிலிருந்து குதித்தாள். ஒன்பது மாத வயிற்றோடு ஒருத்தி அப்படிக் குதிக்க முடியும் என்று ஓர்லாவின் புத்தகங்களில் எழுதியிருக்கவில்லை. இடப்பக்கம் துப்பினாள், வலப்பக்கம் துப்பினாள், ஓர்லாவின் செருப்பிலும் கொஞ்சம் துப்பினாள். "பயறு! உள்ள இருக்கிறது வெறும் பயறு!" என்று கூரையைப் பார்த்துக் கத்திவிட்டு, குடுக்கைகள் கடகடக்க ஓடிப்போனாள்.

ஓடியவள் நேராகக் கமிஷனரிடம் போய் நின்றாள். கமிஷனர் கன்யலெங் கூட்டத்தின் தலைவி. ஒரு பழைய போலீஸ் தொப்பியைக் கல்யாணத்துக்கும் கழற்ற மாட்டாள், சாவுக்கும் கழற்ற மாட்டாள். கடலை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி, கழுதைப்புலி துரத்துதா?"

"வெள்ளைக்காரி துரத்துறா அக்கா. வாயால. அழகுன்னு சொல்லிட்டா. மூணு தடவை சொன்னா. அங்க இனி என்னால போக முடியாது."

"போகாம? வீட்டுல பெத்துக்கப் போறியா?"

ஜைனபா அந்தக் கடலையில் கை வைக்காமல் உட்கார்ந்தாள். அது அரிதான சம்பவம். "அவ கை எனக்கு வேணும்கா. வாய்தான் வேணாம்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மருத்துவச்சிக்கு வாய் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கமிஷனர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "கையை மட்டும் வெட்டியா எடுத்துக்கிட்டு வர முடியும்? வாயை மாத்திடுவோம், வா."

அன்று மாலையே கூட்டம் சுகாதார நிலையத்துக்குப் போனது. ஓர்லா வாசலில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கமிஷனர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய தேநீரைக் குடித்து, அவளுடைய சர்க்கரை முழுவதையும் மடியில் கொட்டிக்கொண்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். பிள்ளையைத் திட்ட வேண்டும். யாருக்கும் வேண்டாத பிள்ளை இது என்று தோன்றும்படி திட்ட வேண்டும்.

"நான் மருத்துவச்சி," என்றாள் ஓர்லா. "அம்மாவுக்குப் பயம் வராம பேசணும். எங்க ஊர்ல அப்படித்தான் படிச்சோம்."

"நீ அழகுன்னா எனக்குப் பயம் வருது. கழுதைன்னா தைரியம் வருது. இப்ப சொல்லு, எது நல்ல மருத்துவம்?" என்றாள் ஜைனபா.

ஓர்லா தேநீர் அடுப்பை அணைத்தாள். ஏனோ கண்களைத் துணியால் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜைனபாவின் வயிற்றை உற்றுப் பார்த்து, நெற்றி வியர்க்க, "இந்தக் குழந்தை... பரவாயில்லை" என்றாள்.

கூட்டம் தரையில் விழுந்து புரண்டது. "இது திட்டா? பொண்ணு பார்க்க வந்த மாமியார் சொல்ற மாதிரி இருக்கு!" என்றாள் கமிஷனர். "இன்னொண்ணு போடு."

"இந்தக் குழந்தை கொஞ்சம் சோம்பேறியா இருக்கலாம்."

"அடிப்பாவி, அது புகழ்ச்சி. தூங்கிற பிள்ளைக்கு இந்த ஊர்ல என்ன கிராக்கி தெரியுமா?"

ஆனால் அந்த வெள்ளைக்காரிக்கு விடாப்பிடி இருந்தது. ஒரு வாரம் தினமும் வந்து கற்றுக்கொண்டாள். தேரை என்றாள், நசுங்கின பப்பாளி என்றாள், ஊசிப்போன மீன் என்றாள். தன் ஊரில் சிநேகிதிகள் ஒருவரையொருவர் எப்படியெல்லாம் வைவார்கள் என்று சொல்லிக்காட்டியபோது கமிஷனரே தொப்பியில் கை வைத்து மரியாதை செய்தாள். வார முடிவில் ஜைனபா மறுபடி கட்டிலில் ஏறிப் படுத்தாள். ஓர்லா குழலை வைத்துக் கேட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"ச்சீ. உள்ள ஒரு தேரை குதிக்குது. எனக்கு நிறைய வேலை இருக்கு. இதைப் பார்க்க நேரமில்லை."

ஜைனபாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. திட்டிய குரல் எப்படி இருந்தாலும், வயிற்றைத் தடவிய கை பூப்போல இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இது தங்கிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே துப்பிவிட்டாள்.

இத்தனை கற்றுக்கொடுத்தவர்கள் ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். மறக்கக்கூட இல்லை, ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரிந்ததை யார் போய்ச் சொல்வார்கள்? இந்தத் திட்டெல்லாம் கன்யலெங் பிள்ளைக்கு மட்டும்தான். மற்றவர்கள் பிள்ளைக்கு, அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் இமாம் வீட்டில் பேரனுக்குப் பேர் வைத்தார்கள். ஐந்து பேத்திகளுக்குப் பிறகு வந்த பேரன். இரண்டு செம்மறியாடு அறுத்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் உறவு வந்திருந்தது. பிள்ளைக்குத் தலை மழித்து, காதில் பேர் ஓதி, வாயில் போட்டு மெல்லும் கோலா கொட்டையும் இடித்த அரிசிமாவும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். இமாமின் மனைவி ஹாஜியம்மா பிள்ளையை ஓர்லாவின் கையில் கொடுத்தாள். எடுத்துக் கொடுத்த மருத்துவச்சி இரண்டு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று கூட்டம் அமைதியானது.

ஓர்லா அன்றைக்கென்று புதுத் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். கற்றதை முதல்முதலாகச் சபையில் அரங்கேற்றுகிறவளின் பெருமை அவள் முகத்தில் இருந்தது. பந்தலுக்குப் பின்னால் சட்டி வழித்துக்கொண்டிருந்த ஜைனபா அந்த முகத்தைப் பார்த்தாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடுவதற்குள் நேரம் போய்விட்டது.

"ஐயோ, என்ன மூஞ்சி இது!" என்றாள் ஓர்லா, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "நசுங்கின பப்பாளி! ஊசிப்போன மீன்! யாருக்கு வேணும் இது? எடுத்துட்டுப் போய் குப்பையில போடுங்க!"

இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே போட்டான். சைதிகான் சாரின் வாயில் இருந்த கோலா கொட்டை தவறான வழியில் இறங்கிவிட்டது. ஓர்லா சுற்றிலும் பார்த்தாள். யாரும் சிரிக்காததைக் கண்டு, போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "தேரை!" என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

ஹாஜியம்மா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் போட்ட கூச்சல் சந்தை வரை கேட்டது.

சைதிகான் சார் பயந்த சுபாவம். மேலிடத்துக்குப் பயம், இமாமுக்குப் பயம், வெள்ளைக்காரர்களுக்கும் பயம். மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் பாவம் என்ன செய்வார்? அன்றே தொண்டு நிறுவனத்துக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை கார் வரும், ஓர்லா பெட்டியோடு தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஓர்லா அறையை விட்டு வெளியே வரவேயில்லை. பிள்ளையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு, அதையே சபையில் வைத்து அவமானப்படுத்தியவள் என்ற பேர் போதாதா.

ஜைனபாவுக்கு இடுப்பில் வலி பிடிக்கத் தொடங்கியிருந்தது. பிரசவம் இன்றோ நாளையோ இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதிக நாள் தாங்காது. ஓர்லா போய்விட்டால் அந்த ரப்பர் பை அலமாரியில்தான் தொங்கும். மூன்றாவது பிள்ளையின் வாய் அவள் நினைவுக்கு வந்தது. திறந்த வாய், சத்தமில்லாத வாய். அவள் கமிஷனரின் முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். விளையாட்டில்லாமல் அழுதாள்.

"மூக்கைச் சிந்து," என்றாள் கமிஷனர். "நம்ம சொன்னா யாராவது கோபப்பட முடியுமா?"

"முடியாது."

"ஏன்?"

"நாம கன்யலெங்."

"அப்ப அவளும் கன்யலெங். கிளம்பு."

இமாம் முற்றத்தில் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஹாஜியம்மா பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கமிஷனர் தவழ்ந்தபடியே உள்ளே போனாள். வழியில் இருந்த ஒரு கோழியின் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"வாப்பா, அந்த வெள்ளைக்காரி பேச்சைக் கணக்குல எடுக்கலாமா? அவ எங்க கூட்டம்."

"எப்பலேர்ந்து?" என்றார் இமாம்.

"ரொம்ப நாளா. போன வாரத்திலேர்ந்து."

"விளையாடாதே. உங்க சட்டம் எனக்கும் தெரியும். பிள்ளையை மண்ணுக்குக் குடுத்திருக்கணும், இல்லைன்னா வயிறு திறக்காம இருக்கணும். சும்மா சேர முடியாது."

"குடுத்திருக்கா வாப்பா!" கமிஷனர் மார்பில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு! ஒரே நாள்ல! இரட்டைப் பிள்ளைங்க!"

ஜைனபா அவளைக் கிள்ளினாள். புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? இமாம் தஸ்பீஹைக் கீழே வைத்தார். வெள்ளைக்காரியைக் கூட்டி வரச் சொன்னார். அவள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

ஓர்லா வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. இமாமின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஜைனபா கண்ணடித்தாள், தலையாட்டினாள், இரண்டு விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

"மகளே, இவங்க சொல்றாங்க, நீ ரெண்டு பிள்ளையை மண்ணுக்குக் குடுத்தவளாம். நிஜமா?"

ஓர்லா ஜைனபாவின் விரல்களைப் பார்த்தாள். இமாமைப் பார்த்தாள். "ரெண்டு இல்லை," என்றாள். "ஒண்ணு."

"பார்த்தியா," என்று கமிஷனர் ஜைனபாவின் காதில் கிசுகிசுத்தாள். "நம்மளைவிட நல்லாப் புளுகுறா. குறைச்சுச் சொன்னாத்தான் நம்புவாங்கன்னு கண்டுபிடிச்சுட்டா."

ஆனால் ஜைனபா ஓர்லாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை கட்டியிருந்த துணியின் ஓரத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தது.

"பொண்ணு. பத்து மாசமும் வயித்துல நல்லா இருந்தா. பொறந்தா. மூச்சு இல்லை," என்றாள் ஓர்லா. வார்த்தைகளைக் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினாள். "நான் மருத்துவச்சி. எல்லார் பிள்ளையும் என் கையில அழும். என் பிள்ளை அழல. எல்லாரும் வந்தாங்க. நீ தைரியமா இருன்னு சொன்னாங்க. யாரும் அவளைப் பார்க்கல. யாரும் அவளை அழகுன்னு சொல்லல. அதனால நான் எல்லாப் பிள்ளைக்கும் சொல்றேன். இங்க அதைச் சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சுது. சரி, வேற மாதிரி சொல்லலாம்னு நினைச்சேன். உங்க பேரனுக்கும் நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். மன்னிச்சுடுங்க."

கமிஷனர் தொப்பியைக் கழற்றினாள். அவள் தலை நரைத்திருந்தது என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. ஜைனபாவுக்குத் தன் இரண்டு விரலை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. இந்த வாயையா வேண்டாம் என்று சொன்னோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு வருஷக்கணக்காகிவிட்டதால், அது என்ன என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

ஹாஜியம்மா சட்டென்று எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான், இனி உலக்கையோடுதான் வருவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தவள் கையில் ஒரு சோற்றுச் சட்டி இருந்தது. கடலைக் குழம்பும் அடியில் பிடித்த காந்தலுமாக அதை ஓர்லாவின் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"தின்னு. கூட்டத்துக்காரின்னா தின்னுதானே ஆகணும்? கரண்டியெல்லாம் கிடையாது. மிச்சம் வச்சே, என் பேரனைச் சொன்னதையெல்லாம் உனக்குத் திருப்பிச் சொல்லுவேன்."

ஓர்லா தரையில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே தின்றாள். ஹாஜியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "மெல்ல, மெல்ல, பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி அள்றாளே" என்று திட்டினாள். இமாம் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார். ஓர்லா சபையில் சொன்னது சொன்னதாகாது என்றார். ஊரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. சைதிகான் சார் மறுபடி போன் போட்டு, முன்பு போட்ட போன் வேறு யாரோ போட்டது என்பது போலப் பேசினார்.

வெள்ளிக்கிழமை கார் வரவில்லை. வலி வந்தது.

தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கன்யலெங் கூட்டம் சுகாதார நிலைய முற்றத்தில் தகர டின்களைத் தட்டிக்கொண்டு பாடியது. ஒரு சோம்பேறிக் கழுதை வெளியே வர மாட்டேன் என்கிறது, வந்தாலும் யார் கேட்டார்கள் என்று பாட்டு. நடுநடுவே ஜைனபாவின் புருஷன் யாங்குபாவைப் பற்றி வந்த வரிகளை இங்கே எழுத முடியாது. அவன் மரத்தடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சைதிகான் சார் அன்றைக்கு ஊரில் இருந்தார். தண்ணீர் கொதிக்கவைக்கும் பொறுப்பைக் கமிஷனர் அவரிடம் ஒப்படைத்திருந்தாள்.

உள்ளே ஜைனபா இரண்டு வலிக்கு நடுவே ஒரு கேலி என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேலி தீர்ந்துபோனது. பிள்ளை வந்தது. பெண். ஓர்லாவின் கைக்கு வந்தது, அழவில்லை.

அந்த மௌனம் ஜைனபாவுக்குத் தெரிந்த மௌனம். வெளியே பாட்டு நின்றுவிட்டது. அவர்களுக்கும் அது தெரிந்ததுதான். ஓர்லா பிள்ளையைத் துடைத்தாள், பக்கத்து மேசையில் கிடத்தினாள், தலையை நேராக வைத்தாள், பையை எடுத்து முகத்தில் பொருத்தினாள். ஜைனபா முழங்கையை ஊன்றி எழுந்தாள். இத்தனை மாதம் கட்டி வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. என் தங்கமே, என் உசிரே, என்னை விட்டுட்டுப் போகாதே என்று கத்த வாயைத் திறந்தாள். கத்தியிருந்தால் சாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும்.

"சொல்லாதே!" என்றாள் ஓர்லா, தலையைத் திருப்பாமல். "வாயை மூடு. நான் பார்த்துக்கிறேன்." பிறகு அவள் பையை அமுக்கத் தொடங்கினாள். அமுக்குவதற்குத் தாளம் வேண்டும், எண்ணிக்கொண்டே அமுக்க வேண்டும். "தேரை, ரெண்டு, மூணு," என்றாள். "பப்பாளி, ரெண்டு, மூணு. கழுதை, ரெண்டு, மூணு."

சின்ன மார்பு ஏறியது, இறங்கியது. அது பையின் மூச்சு, பிள்ளையுடையது இல்லை. ஜைனபா கட்டில் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசிப்போன மீன், ரெண்டு, மூணு. யாருக்கு வேணும், ரெண்டு, மூணு. யாருக்கு வேணும், ரெண்டு, மூணு." ஓர்லாவின் குரல் உடைந்தது, கை தாளம் தப்பவில்லை. "யாருக்கும் வேணாம், ரெண்டு..."

மூன்று என்பதற்குள் பிள்ளை ஒரு காலை உதைத்தது. பூனை தும்மியது போல ஒரு சத்தம். அப்புறம் அழுகை. அப்படியோர் அழுகை. இவ்வளவு திட்டு வாங்கினால் யார்தான் அழ மாட்டார்கள்?

வெளியே சைதிகான் சார் தன்னை மறந்து, "மாஷா அல்லாஹ், என்ன அ..." என்று ஆரம்பித்தார். கமிஷனர் தொப்பியால் அவர் வாயை அடைத்துவிட்டாள். பிறகு அவளே உள்ளே வந்து பிள்ளையைத் துணியோடு வாங்கிக்கொண்டு, பின்பக்கக் குப்பைமேட்டில் ஒரு நொடி கிடத்தி, எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"குப்பையில ஒண்ணு கிடந்துச்சு. உனக்கு வேணுமாடி?"

"வேணாம்," என்றாள் ஜைனபா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, இங்கேயே கிடக்கட்டும். பக்கத்துல போடு. இன்னும் பக்கத்துல."

கமிஷனர் வெளியே போய்விட்டாள். டின் சத்தம் மறுபடி தொடங்கியது. அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜைனபா பிள்ளையைப் பார்க்காமல் பார்த்தாள். ஈரமான நீண்ட இமை, எதையோ பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருக்கும் விரல்கள். ஓர்லா கை கழுவிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வாயில் தண்ணீரை அடக்கி வைத்திருப்பவள் போல உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன சொல் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஜைனபாவுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அதே சொல்தான்.

"ஓர்லா, உன் பொண்ணு பேர் என்ன?"

ஓர்லா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீவ்."

"நீவ்," என்று ஜைனபா சொல்லிப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தி, கூரைமேல் எவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் அவனுக்கு நன்றாகக் கேட்கும்படி பேசத் தொடங்கினாள். "அந்த நீவுக்கு எவ்வளவு நீளமான இமை! நீ பார்த்தியா? கண்ணை மூடினா கன்னத்தைத் தொடுது."

ஓர்லாவுக்குப் புரியவில்லை. ஜைனபாவின் கண் போகும் பக்கம் பார்த்தாள். அங்கே துணிக்குள் பிள்ளை கொட்டாவி விட்டது. அப்போது புரிந்தது.

"ஆமா," என்றாள் மெதுவாக. "நீவுக்கு நெத்தி அகலம்."

"விரலைப் பாரேன். எவ்வளவு கெட்டியாப் பிடிக்கிறா நீவ்."

"காது சின்னது. சுருட்டி வச்ச மாதிரி இருக்கு."

வெளியிலிருந்து கமிஷனர் கத்தினாள். "ஏய், யாரைடி அங்க கொஞ்சுறீங்க?"

"செத்துப்போன பிள்ளையை அக்கா! நீ உன் வேலையைப் பாரு!"

டின் சத்தம் ஒரு கணம் நின்றது. கமிஷனருக்கு எதையும் இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை. "செத்ததுன்னா தாராளமாக் கொஞ்சுங்க!" என்று ஊருக்கே கேட்கும்படி அனுமதி கொடுத்துவிட்டு, முன்னைவிடப் பலமாகத் தட்டினாள்.

ஓர்லா பிள்ளையின் நெற்றியில் ஒரு விரலை வைத்தாள். வாயைத் திறந்தாள். வந்தது முதலில் அழுகைதான். அதை விழுங்கிக்கொண்டு சொன்னாள்.

"அழகு. என் பொண்ணு ரொம்ப அழகு."

"ரொம்ப," என்றாள் ஜைனபா, தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே.